‘இது இல்லை’ என்று சொல்லும் உடல்

1933 மே 9 அன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கவிதையின் இயல்பு பற்றி ஓர் உரை நிகழ்ந்தது. பேசியவர் ஏ. இ. ஹௌஸ்மன், வயது 74. வாசகர்களுக்கு அவர் கவிஞர். தொழிலால் லத்தீன் பேராசிரியர். பழஞ்சுவடிகளின் பாடபேதங்களை ஒப்பிட்டு மூலபாடத்தை மீட்கும் பதிப்பாசிரியர். மானிலியஸ் என்ற ரோமானியப் புலவரின் சோதிட நூலை 1903 முதல் 1930 வரை ஐந்து தொகுதிகளாகப் பதிப்பித்தவர். யோசிக்காமல் ஒரு பாடத்தை ஏற்றுக்கொண்ட சக பதிப்பாசிரியர் யாரையும் தன் முன்னுரைகளில் விட்டுவைக்காதவர். அறிவின் கண்டிப்புக்குப் பெயர்போன அந்த மனிதர், கவிதையை வரையறுக்கத் தன்னால் ஆகாது, உடலில் அது உண்டாக்கும் அறிகுறிகளை வைத்தே அதை அடையாளம் காண்கிறேன் என்று அன்று சொன்னார்.

காலையில் சவரம் செய்யும்போது கவிதை வரி எதுவும் நினைவில் எழாமல் பார்த்துக்கொள்வாராம். எழுந்துவிட்டால் தோல் சிலிர்த்து மயிர் குத்திட்டு நிற்கும், கத்தி ஓடாது. முதுகுத்தண்டில் ஒரு நடுக்கம், தொண்டை இறுக்கம், கண்ணில் நீர், வயிற்றின் மேற்குழியில் ஏதோ பாய்வது போன்ற உணர்வு என்று மற்ற அறிகுறிகளையும் அடுக்கினார். தன் கவிதைகள் பிறந்த விதத்தையும் சொன்னார். மதிய உணவோடு பியர் அருந்திவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் நடப்பார். குறிப்பாக எதையும் நினைக்காமல் நடக்கும்போது சில நேரம் ஒன்றிரண்டு வரிகள், சில நேரம் ஒரு பத்தி முழுவதுமே திடீரென்று மனத்தில் வந்து நிற்கும். அவை எங்கிருந்து வருகின்றன என்று கவனித்தவரை, அந்த வயிற்றுக்குழிதான் ஊற்று என்பது அவர் முடிவு.

1896இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பின் கடைசிக் கவிதைக்கு நான்கு பத்திகள். அவற்றில் இரண்டு, லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் புல்வெளியின் ஓரமாக நடந்தபோது அச்சில் உள்ளபடியே வந்துவிட்டன. மூன்றாவது, தேநீருக்குப் பிறகு கொஞ்சம் கெஞ்சியதும் வந்தது. நான்காவது வரவில்லை. அதைத் தானே உட்கார்ந்து கட்ட வேண்டியிருந்தது என்கிறார். பதின்மூன்று முறை எழுதினார். சரியாக அமைய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இந்தப் பத்திகளில் எது எது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

இந்தக் கதையைச் சொல்லும் பலரும் புல்வெளியில் வந்த அந்த இரண்டு பத்திகளில் மயங்கிவிடுகிறார்கள். அருள், ஆவேசம், அகத்தூண்டல் என்று பேசத் தொடங்குகிறார்கள். என்னை இழுப்பது அந்த நான்காவது பத்தி. ஹௌஸ்மனுக்கு யாப்பு கைவந்த கலை; எதுகையும் சீரும் பிழைக்காத நான்கு வரியை அவரால் பத்து நிமிடத்தில் எழுதிவிட முடியும். ஆகவே நிராகரித்த அந்தப் பன்னிரண்டு வடிவங்களில் இலக்கணப் பிழை இருந்திருக்காது. பின் அவற்றை எது நிராகரித்தது? சரியான வடிவம் இன்னும் உலகத்தில் இல்லை. இல்லாத ஒன்றோடு ஒப்பிட்டு, கையில் இருப்பதை ‘இது இல்லை’ என்று அவருக்குள் ஒன்று ஓராண்டுக் காலம் சொல்லிக்கொண்டே இருந்தது. எழுத்தில் உடலுக்கும் உள்ளுணர்வுக்கும் இருக்கும் பங்கைத் தேட வேண்டிய இடம் இதுதான் என்று நம்புகிறேன். கொடுப்பதை விட மறுப்பதில்தான் உடல் கைதேர்ந்தது.

முதலில், வயிற்றிலும் நெஞ்சிலும் நடப்பது மூளைக்கு எப்படித் தெரிகிறது? ஆங்கில உடலியலாளர் சார்ல்ஸ் ஷெரிங்டன் 1906இல் வெளியிட்ட நூலில், கண்ணும் காதும் தோலும் தரும் வெளிச்செய்திகளிலிருந்து உள்ளுறுப்புகள் தரும் செய்திகளைப் பிரித்துக் காட்டினார். மூளைத்தண்டிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் என்று கிளை விரிக்கும் வேகஸ் நரம்பை, மூளை உறுப்புகளுக்கு ஆணையிடும் கம்பி என்று நினைப்பது வழக்கம். விலங்குகளில் இழைகளை எண்ணிப் பார்த்தபோது ஐந்தில் நான்கு பங்கு மேல்நோக்கிச் செல்பவை என்று தெரிந்தது. ஆணையை விட அறிக்கைதான் அதிகம். இந்த அறிக்கைகள் போய்ச் சேரும் இடங்களில் முக்கியமானது, பெருமூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா என்ற பகுதி. பசி, மூச்சுமுட்டல், குளிர், வலி, இதயத்துடிப்பு எல்லாம் அங்கே பதிவாகின்றன. அமெரிக்க நரம்பியலாளர் ஏ. டி. கிரெய்க் 2002இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ‘எனக்கு இப்போது எப்படி இருக்கிறது’ என்ற உணர்வுக்கே இந்தப் பகுதிதான் அடித்தளம் என்று வாதிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஹியூகோ கிரிட்ச்லியின் குழு, தன் இதயத்துடிப்பைச் சரியாக உணர்பவர்களிடம் வலப்பக்க இன்சுலாவின் முன்பகுதி கூடுதலாக இயங்குவதைப் படம்பிடித்துக் காட்டியது.

ஹௌஸ்மனின் சவரக்கத்தி விஷயத்தையும் ஆய்வுக்கூடம் விட்டுவைக்கவில்லை. பெரும்பாலான மயிர்க்கால்களை ஒட்டி ஒரு நுண்தசை உண்டு. குளிரிலும் அச்சத்திலும் பரிவு நரம்புகள் அதைச் சுருக்க, மயிர் நிமிர்கிறது. ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் அழகியல் ஆய்வு நிறுவனத்தினர் கவிதை கேட்பவர்களின் தோலைக் கேமராவால் பதிவு செய்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கவிதைக்கு உண்மையாகவே மயிர் சிலிர்க்கிறது. அதுவும் கண்ட இடத்தில் இல்லை. வரியின் முடிவு, பத்தியின் முடிவு, கவிதையின் முடிவு ஆகிய இடங்களில்தான் சிலிர்ப்பு குவிகிறது. கேட்பவரின் உடல் முடிவை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது, முடிவு வந்து பொருந்தியதும் விடைகொடுக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டுக்கென்றே ஓர் இயல் ஒதுக்கி, நகை முதல் உவகை வரை எட்டாக வகுத்துப் பேசுகிறது. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் தெரியும், அந்த வழியாகவே படிப்பவருக்கும் போய்ச் சேரும் என்ற புரிதல் நம் இலக்கணத்துக்குப் புதிதல்ல.

சிலிர்ப்பு, எழுதி முடித்ததன் விளைவு. எழுதிக்கொண்டிருக்கும்போது நடப்பதைக் கவனித்துச் சொன்னவர் யூஜின் ஜென்ட்லின். 1926இல் வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா போனவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றவர். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸோடு பணியாற்றியபோது உளச்சிகிச்சை உரையாடல்களின் ஒலிப்பதிவுகளை அந்தக் குழு ஆராய்ந்தது. யாருக்குச் சிகிச்சை பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை? சரளமாகத் தன் கதையைச் சொன்னவர்களுக்குப் பெரிதாகப் பயனில்லை. நடுவில் நின்று, தடுமாறி, ‘அப்படிச் சொல்ல முடியாது… வேறு என்னவோ…’ என்று உடம்புக்குள் தெளிவில்லாமல் கிடக்கும் ஒன்றைத் தடவிப் பார்த்துச் சொல் தேடியவர்களுக்குத்தான் மாற்றம் வந்தது. நெஞ்சிலோ வயிற்றிலோ உணரப்படும், அர்த்தம் நிறைந்த, ஆனால் இன்னும் சொல்லாகாத அந்த மூட்டத்தை ‘உணர்பொருள்’ என்று நாம் அழைக்கலாம். 1978இல் வந்த அவருடைய நூல் அதைக் கவனிக்கும் பயிற்சியைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது.

ஜென்ட்லின் திரும்பத் திரும்பக் காட்டும் எடுத்துக்காட்டு, பாதி எழுதிய கவிதையோடு உட்கார்ந்திருக்கும் கவிஞர். எழுதிய வரிகளை மறுபடி மறுபடி படிக்கிறார். அடுத்து வர வேண்டிய வரி இல்லை. ஆனால் அந்த இடம் வெறுமையாகவும் இல்லை. நல்ல வரிகள் பல தோன்றுகின்றன. ஒவ்வொன்றையும் அந்த இடம் ஏற்க மறுக்கிறது. கவிஞரின் கை காற்றில் ஏதோ வடிவத்தை வனைகிறது. பின்பு ஒரு வரி வருகிறது. உள்ளே பிடித்து வைத்திருந்தது இளகுகிறது. மிருதங்கக்காரர் கல்லால் விளிம்பைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கும்போது, எத்தனை அதிர்வுகள் குறைகின்றன என்று அவருக்குத் தெரியாது. ‘இன்னும் சேரவில்லை’ என்பது மட்டும் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். எழுத்தில் நடப்பதும் அந்த வகை அறிதல்தான். மறந்துபோன பெயரைத் தேடும்போது மனத்தில் இருக்கும் இடைவெளி சும்மா கிடக்கும் இடைவெளி அல்ல, தவறான பெயர்களை உடனுக்குடன் தள்ளிவிடும் அளவுக்குத் திட்டமான உருவம் கொண்டது என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே எழுதியிருக்கிறார்.

ஆனால் இதெல்லாம் உள்நோக்கிப் பார்த்தவர்களின் சாட்சியம். வெளியிலிருந்து அளக்க முடியுமா? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கென்னத் பவர்ஸும் தோழர்களும் 1990இல் வெளியிட்ட சோதனை மிக அழகானது. மூன்று சொற்கள் கொண்ட இரண்டு தொகுதிகள் தரப்படும். ஒரு தொகுதியின் மூன்று சொற்களுக்கும் பொதுவான நான்காவது சொல் ஒன்று உண்டு. தமிழில் எளிதாகச் சொன்னால் உப்பு, ஆமை, அலை என்றால் கடல். மற்றத் தொகுதியில் அப்படி எதுவும் இல்லை. சோதனையில் வந்தவை கடினமான தொகுதிகள்; பொதுச்சொல்லைப் பலராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படிக் கண்டுபிடிக்காதவர்களைக் கேட்டார்கள்: எந்தத் தொகுதிக்கு விடை இருக்கும் என்று தோன்றுகிறது? வெறும் குருட்டாம்போக்கில் கிடைக்கக்கூடியதை விடக் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். விடை தெரியவில்லை, விடை இருப்பது தெரிந்தது.

2009இல் ஜெர்மனியின் வுர்ஸ்பர்க்கில் சாஷா டோபோலின்ஸ்கியின் குழு இதே வகைச் சொல்தொகுதிகளை மக்களிடம் காட்டி, முகத்தசைகளின் மின்னோட்டத்தை அளந்தது. எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை, படித்தால் போதும். ஒத்துப்போகும் சொற்களைப் படித்தபோது புன்னகைக்கான கன்னத் தசை மிக மெலிதாக இயங்கியது. புருவத்தைச் சுளிக்கும் தசை தளர்ந்தது. கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாத அளவு. சொற்கள் ஒன்றோடொன்று சேரும்போது மூளைக்கு வேலை எளிதாகிறது, அந்த எளிமை ஒரு துளி இன்பமாகி முகத்துக்கு வருகிறது, அதையே நாம் ‘உள்ளுணர்வு’ என்கிறோம் என்பது அவர்கள் விளக்கம். சேராத சொல்லை எழுதிவிட்டு நாம் நெற்றியைச் சுருக்குவது, காரணம் கண்டுபிடிப்பதற்கு முன்பே நடக்கிறது.

கைவிரல்களும் இந்த விவகாரத்தில் உண்டு. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கார்டன் லோகனும் மாத்யூ கிரம்ப்பும் தட்டச்சில் தேர்ந்தவர்களை உட்கார வைத்து ஒரு சூழ்ச்சி செய்தார்கள். தட்டியவர் பிழை செய்தால் கணினி சில நேரம் அதைச் சத்தமில்லாமல் திருத்தித் திரையில் சரியாகக் காட்டும். சரியாகத் தட்டினால் சில நேரம் திரையில் பிழையைப் புகுத்தும். கேட்டபோது தட்டியவர்கள் பெரும்பாலும் திரையை நம்பினார்கள். திருத்தப்பட்டதைத் தாங்களே சரியாக அடித்ததாகவும், புகுத்தப்பட்ட பிழையைத் தங்கள் பிழையாகவும் ஏற்றுக்கொண்டார்கள். விரல்கள் ஏமாறவில்லை. உண்மையாகப் பிழை செய்த பிறகு மட்டும் அவை அடுத்த எழுத்துக்குத் தயங்கின; கணினி புகுத்திய பிழைக்குத் தயங்கவே இல்லை. 2010இல் வெளிவந்த இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. மனம் ‘எல்லாம் சரி’ என்று அறிக்கை விடும்போதே உடல் தனிக்கணக்கு வைத்துத் தயங்குகிறது.

உள்ளுணர்வுக்கு உடல்தான் ஆதாரம் என்று பேசுபவர்கள் நரம்பியலாளர் அன்டோனியோ டமாசியோவின் பெயரை முதலில் சொல்வார்கள். அவருடைய குழு 1997இல் வெளியிட்ட சீட்டுக்கட்டுச் சோதனையில், எந்தக் கட்டு நட்டம் தரும் என்று ஆட்டக்காரர்களால் வாய்விட்டுச் சொல்ல முடிவதற்கு முன்பே, அந்தக் கட்டுக்குக் கை நீளும்போது உள்ளங்கை வியர்த்தது. 2004இல் வேறு இருவர் நுணுக்கமாகக் கேள்வி கேட்டு, ஆட்டக்காரர்களுக்கு நினைத்ததை விட முன்கூட்டியே விவரம் தெரிந்திருக்கிறது என்று காட்டினார்கள். உடல் அறிவை முந்துகிறதா, கூடவே நடக்கிறதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. எழுதுபவருக்கு அந்தத் தீர்ப்பு அவ்வளவு முக்கியமில்லை. கூடவே நடந்தாலும் பயன் குறையாது.

பொருள் மட்டுமல்ல, ஓசையும் உடலில்தான் எடைபோடப்படுகிறது. மௌனமாகப் படிக்கும்போதும் சொற்களை நினைக்கும்போதும் நாக்கிலும் உதட்டிலும் நுண்ணிய அசைவு இருப்பதை எட்மண்ட் ஜேக்கப்சன் 1930களிலேயே மின்கருவியால் பதிவு செய்தார். அந்த அசைவைச் சத்தமாகவே ஆக்கிக்கொண்டவர் பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் ஃப்ளோபேர். குரோவாசே ஊரில் சேன் நதிக்கரை வீட்டில் எழுதிய வாக்கியங்களை உரக்கக் கத்திப் பார்ப்பார். தன் நண்பர் லூயி பூயேயின் கவிதைத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், மோசமாக எழுதிய வாக்கியம் இந்தச் சோதனையில் தேறாது, நெஞ்சை அழுத்தும், இதயத்துடிப்பைக் குலைக்கும் என்று உடற்கூற்று மருத்துவர் போலவே பேசுகிறார். அவர் அறுவைமருத்துவரின் மகன். ரூவென் நகரின் மருத்துவமனை வளாகத்தில் வளர்ந்தவர். தன் நாவலின் நாயகி எம்மா பொவாரி நஞ்சுண்ணும் காட்சியை எழுதியபோது தன் வாயிலேயே ஆர்சனிக்கின் சுவை தெரிந்தது, உண்டதை வாந்தி எடுத்தேன் என்று ஒரு கடிதத்தில் சொல்கிறார். நாவலின் ஒரு பக்கத்துக்கு நாட்கணக்கில் செலவிட்ட அந்த மனிதரின் நிதானத்துக்குப் பின்னால் மூச்சு முட்டாத வாக்கியம் கிடைக்கும் வரை விடாத ஒரு மார்புக்கூடு இருந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘இதுதான், கிடைத்துவிட்டது’ என்ற மகிழ்ச்சியை நம்பலாமா? உளவியலாளர் ஜேனட் மெட்கால்ஃப் 1980களில் செய்த சோதனைகளில், புதிர்களை அவிழ்க்க முயல்பவர்கள் விடைக்கு எவ்வளவு நெருங்கிவிட்டதாக உணர்கிறார்கள் என்று அடிக்கடி குறித்துக்கொண்டே வந்தார்கள். அல்ஜீப்ரா கணக்குகளில் நெருக்க உணர்வு படிப்படியாக ஏறியது. திடீர் வெளிச்சத்தில் அவிழும் புதிர்களில் கடைசி நொடி வரை ஏறவில்லை. அதிலும் ஒரு விபரீதம்: அத்தகைய புதிர்களில் ‘நெருங்கிவிட்டேன், நெருங்கிவிட்டேன்’ என்று உணர்ந்தவர்கள் தவறான விடையில் போய் விழுவதே அதிகம் என்று அவருடைய 1986ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. உடலின் ‘ஆம்’ மலிவானது. பழகிய சொற்றொடர் வழுக்கிக்கொண்டு வரும்போதும் அதே எளிமை, அதே கன்னத்தசை இன்பம் கிடைத்துவிடும். தேய்ந்த உவமையும் மேடைப்பேச்சு வாக்கியமும் எழுதும் நேரத்தில் இனிமையாக இருப்பது அதனால்தான். மறுப்புக்கு இந்த ஆபத்து குறைவு. உள்ளே உறுத்துவது நின்றுவிட்டால் மயங்கலாம். உறுத்திக்கொண்டே இருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு, அச்சம். அதுவும் வயிற்றில்தான் பிசைகிறது. அதுவும் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சோன்ட்ரா பெர்ல், கல்லூரியில் எழுதத் திணறும் ஐந்து மாணவர்களைச் சத்தமாக யோசித்தபடி எழுத வைத்து, அந்த ஒலிப்பதிவுகளை வரிவரியாக ஆராய்ந்து 1979இல் வெளியிட்டார். அவர்களுக்குச் சொல்வதற்கு இல்லாமல் இல்லை. ஒரு வாக்கியம் முளைப்பதற்குள் எழுத்துப்பிழையா, நிறுத்தற்குறி சரியா என்று பாய்ந்துவிடுகிறார்கள்; நினைத்த பொருள் அங்கேயே அறுந்துவிடுகிறது. பிழைக்குத் தண்டனை பெற்றே வளர்ந்த உடலில் அச்சத்தின் கூச்சல், உணர்பொருளின் மெல்லிய மறுப்பைக் கேட்கவிடாமல் செய்கிறது. இரண்டையும் பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. அச்சம் எந்தச் சொல்லை மாற்றினாலும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அதன் கவலை படிக்கப்போகிறவர் மேல். உணர்பொருளின் மறுப்பு சொல்லுக்குச் சொல் மாறும்; ஒன்றுக்குக் கொஞ்சம் இளகும், மற்றொன்றுக்கு இறுகும்.

அடுத்த ஆண்டு பெர்ல் எழுதிய கட்டுரையில் ஜென்ட்லினின் கருத்தை எழுத்துப் பயிற்சிக்குள் கொண்டுவந்தார். தேர்ந்த எழுத்தாளர்கள் எழுதும்போது அடிக்கடி பின்னோக்கிப் போகிறார்கள்: எழுதிய சில வரிகளைத் திரும்பப் படிக்கிறார்கள், தலைப்புச் சொல்லை நினைத்துக்கொள்கிறார்கள், பேசாமல் நிற்கிறார்கள். அந்த நிற்றலில் கவனம் போவது காகிதத்துக்கு அல்ல, உள்ளே இருக்கும் மூட்டத்துக்கு. பிறகு அவர் வகுத்த பயிற்சியில் மாணவர்கள் எழுதியதை நிறுத்திவிட்டு அமைதியாக உட்கார்ந்து, இதில் இன்னும் சொல்லாமல் விட்டது என்ன என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்த மறுப்புணர்வு பிறவியில் வருவதில்லை. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும், உள்ளுணர்வை நம்பலாமா கூடாதா என்று எதிரெதிர் அணியில் நின்றவர்கள், 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இரண்டு நிபந்தனைகளில் உடன்பட்டார்கள்: துறையில் ஒழுங்கு இருக்க வேண்டும், தவறு உடனுக்குடன் தெரிந்து திருந்த வாய்ப்பு இருக்க வேண்டும். மொழியில் ஒழுங்குக்குப் பஞ்சமில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்கள் படித்தவரின் உடலில் அது படிந்துவிடுகிறது. இடிப்பது இரண்டாவது நிபந்தனைதான். எழுதுபவருக்குத் தவறு உடனே தெரிவதில்லை, ஏனென்றால் வாசகர் எதிரே இல்லை. பெர்லின் மாணவர்களில் டோனி என்ற பெயரில் வரும் இளைஞர் தன் எழுத்தை உரக்கப் படித்தபோது, தாளில் விட்டுப்போன சொற்களையும் விகுதிகளையும் வாயால் சேர்த்தே படித்தார். விட்டுப்போனது அவருக்குத் தெரியவே இல்லை. அவருடைய உடல் எழுதியதைக் கேட்கவில்லை, எழுத நினைத்ததைக் கேட்டது. தேர்ந்தவர்களுக்கும் இது நேரும். எழுதிய அன்று மாலை எல்லாமே சரியாகத் தெரிவதும் இதனால்தான். நினைத்தது மறக்கும் வரை தாளை ஒதுக்கி வைப்பது ஒரு வழி. அதற்கு நேரம் இல்லையென்றால், பொருள் முன்கூட்டித் தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காரலாம். அவர் குரல் தடுக்கும் இடங்களையும், நம் வயிறு இறுகும் இடங்களையும் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போக வேண்டும். இரண்டும் ஒரே வரியில் விழுந்தால் அந்த வரியிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.